மேற்குச் சுவர்ப் பூச்சைத் தட்டினால் ‘டொக்கு டொக்கு’ என்கிறது. மேஸ்திரி கேட்கும் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா?

முன்னீர்பள்ளத்துக்காரி
ஜூலை 22

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வெளிப்பூச்சு விஷயமாக ஒரு குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் நர்ஸாக இருக்கிறேன். முன்னீர்பள்ளத்தில் வீடு கட்டுகிறோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் ஊரில் இருந்தால் அதிகம். அதனால் கணக்கு நோட்டு, ஆள் சம்பளம், சுவருக்குத் தண்ணீர், கொத்தனாரிடம் வாக்குவாதம் எல்லாம் என் பாடு. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் முதலில் போவது புது வீட்டுக்குத்தான். அப்புறம்தான் தூக்கம்.

வீடு வெளியளவு 26-க்கு 38 அடி. தரைத்தளம் மட்டும், மேலே படிக்கட்டுக்கு ஒரு ஹெட்ரூம். தரையிலிருந்து கைப்பிடிச்சுவர் உச்சி வரை 16 அடி. ஒன்பது இஞ்ச் சுவர், நாட்டுச் செங்கல். உள்பூச்சு வைகாசியிலேயே முடிந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிப்பூச்சுக்கு இரண்டு பேர் விலை சொன்னார்கள். ஒருவர் சாமானோடு சதுரடிக்கு 72 ரூபாய். எங்கள் சுவரைக் கட்டிய மேஸ்திரி, லேபர் மட்டும் 38, சாரமும் அவருடையது என்றார். சிமெண்டும் மணலும் நாமே இறக்கினால் மிச்சம் என்று அவருக்கே கொடுத்தோம். சிமெண்ட் மூடை 370, பி-சாண்ட் (பூச்சுக்கென்று கல்லை அரைத்துச் செய்கிற மணல்) யூனிட், அதாவது 100 கன அடி, 6,200.

மேற்கும் தெற்கும் பூசியாயிற்று. மேற்குச் சுவர் முடிந்த மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், கோடையில் குளத்து வண்டல் வெடித்துக் கிடக்குமே, அதுபோலச் சுவர் முழுக்க மெல்லிசாகக் கோடு. நகம் நுழையாத கோடுதான், ஆனால் எண்ண முடியவில்லை. கையிலிருந்த சாவியால் தட்டிப் பார்த்தேன். எங்கள் டாக்டர்கள் நோயாளியின் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிக் கேட்பார்களே, பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். சில இடத்தில் கல்லில் தட்டியதுபோல ‘டங்’கென்று கேட்கிறது. ஜன்னலுக்கு மேலே குறுக்கே போகிற கான்கிரீட் லிண்டல் பக்கமும் மூலைத் தூண் பக்கமும் ‘டொக்கு டொக்கு’ என்று காலி டப்பாச் சத்தம்.

மேஸ்திரியிடம் கேட்டால், “மேல்காத்துக்கு (மேற்குக் காற்றுக்கு) இப்படித்தான் கோடு விழும்க்கா, பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா தெரியாது” என்கிறார். அதோடு விடவில்லை. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கவில்லையாம், ஒன்றரை இஞ்ச் கனம் பூச வேண்டியதாகிவிட்டதாம், அதனால் இந்த இரண்டு சுவருக்கும் 15,000 கூடத் தரவேண்டுமாம். சுவரைக் கட்டியதே அவர்தான்!

வீடு முழுக்கச் சேர்த்து வெளிப்பூச்சு அளவு 2,960 சதுரடி என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு ஜன்னல், இரண்டு கதவு எதற்கும் கழிக்கவில்லை. ஜன்னலின் பக்கவாட்டு ஓரங்களை வேறு தனியாகச் சேர்த்திருக்கிறார். இதுவரை 40,000 கொடுத்திருக்கிறேன்.

என் நோட்டில் இருக்கிறபடி இந்த இரண்டு சுவருக்கும் போனது 14 மூடை சிமெண்ட், ஒன்றரை யூனிட் மணல். ஆற்று மணல் கிடைத்தால் இந்தக் கோடெல்லாம் வராது என்று என் மாமனார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சனிக்கிழமை பணம் வாங்க மேஸ்திரி வருவார். அதற்குள் எனக்கு ஒரு வழி தெரிய வேண்டும்.


பழைய ஓவர்சியர்
ஜூலை 22

நோட்டு வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை அம்மா. அதை வைத்தே பார்ப்போம்.

மேற்கு 38, தெற்கு 26, உயரம் 16. ஆக 1,024 சதுரடி. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற ஒன்றுக்கு ஐந்து கலவை, முக்கால் இஞ்ச் கனம் என்றால் 100 சதுரடிக்கு ஒன்றேகால் மூடை சிமெண்டும் எட்டு கன அடி மணலும் பிடிக்கும். உங்கள் இரண்டு சுவருக்கு 13 மூடை, 82 கன அடி. நீங்கள் எழுதியிருப்பதோ 14 மூடை, ஒன்றரை யூனிட், அதாவது 150 கன அடி. சிமெண்ட் சரியாக வந்து நிற்கிறது, மணல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒரு மூடை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி. 14 மூடைக்கு பதினேழரை. 150-ஐ அதால் வகுத்தால் எட்டரை. ஒன்றுக்கு எட்டரை கலவை! தரையில் சிந்தியது, காற்றில் பறந்தது, மூலையில் மீதி கிடப்பது என்று 20 கன அடியைத் தள்ளினாலும் ஏழரைக்குப் பக்கம் வருகிறது. ஏழரை எந்த வீட்டுக்கும் ஆகாது.

மேஸ்திரி சொல்கிற கனம் பொய்யில்லை என்றும் இதே கணக்கு சொல்கிறது. அவ்வளவு மணல் அந்தச் சுவரில் ஏறியிருந்தால் சராசரி ஒன்றேகால் இஞ்ச் வரும். ஆனால் ஒரு கோட்டு, அதாவது ஒரு தடவை ஏற்றுகிற பூச்சு, 15 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பூச்சு வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1661. கனம் வேண்டுமென்றால் இரண்டு கோட்டாக ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றினால் தன் பாரத்திலேயே கொஞ்சம் இறங்கி, பிடிப்பு விட்டு, உள்ளே இடைவெளி விழும். உங்கள் சாவிக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான்.

எனக்குப் புரியாதது ஒன்று. சாமான் உங்களுடையது. சிமெண்டைக் குறைப்பதால் லேபர் மேஸ்திரிக்குப் பத்துப் பைசா லாபமில்லை. பிறகு ஏன் குறைந்தது? சிமெண்டை யார் எடுத்துக் கொடுத்தீர்கள்?

அளவு விஷயம். ஐ.எஸ். 1200 பன்னிரண்டாம் பகுதியில் இதற்கு விதி இருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட ஓட்டைக்குக் கழிவு கிடையாது. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை, உள்ளும் புறமும் பூசினால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கு ஈடாக ஓரங்களைத் தனியாக அளக்கக்கூடாது. நாலுக்கு நாலு ஜன்னல் இதில்தான் அடங்கும். உள்பூச்சில் ஏற்கெனவே கழித்திருந்தால் இப்போது மறுபடி கழிக்க வேண்டாம். உங்கள் மேஸ்திரி கழிக்கவும் இல்லை, ஓரத்தையும் சேர்த்திருக்கிறார். இரண்டில் ஒன்றுதான் நியாயம். சுற்றளவு 128 அடிக்கு 2,048. கைப்பிடிச்சுவர் உள்பக்கம் 375. ஹெட்ரூம் 340, சன்ஷேடுகள் 130 என்று வைத்தால் 2,893. கதவு, ஜன்னல் 142 போனால் 2,750 வரும். 200 சதுரடிக்கு மேல் கூடுதல், காசில் ஏழாயிரத்துச் சொச்சம். டேப்பை எடுத்து அவரையும் கூட வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.

மாமனாரிடம் சொல்லுங்கள், 2010-இலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. இன்றைக்கு ராத்திரியில் ஒருவன் ‘ஆத்து மணல்’ என்று கொண்டுவந்து இறக்கினால் அது திருட்டு மணலாக இருக்கும், இல்லையென்றால் மண் கலந்த ஓடை மணலாக இருக்கும். நல்ல பி-சாண்டில் தாராளமாகப் பூசலாம். கல் உடைக்கிற கிரஷரின் பொடியைச் சலித்து பி-சாண்ட் என்று விற்பதுதான் ஆபத்து. கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி இரண்டு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே மாவு மாதிரி படிகிற அடுக்கு பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அடுத்த லோடைத் திருப்பிவிடுவேன் நான்.


கரண்டிக்காரன் அம்பை
ஜூலை 23

தங்கச்சி, நான் 28 வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவன். ஓவர்சியர் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் சுவரைச் சொல்கிறேன்.

முதலில் 38. சாரத்தோடு சேர்த்து அது கொள்ளை விலை இல்லை. வெளிப்பூச்சில் ஒரு கொத்தனார், ஒரு நிமிந்தாள் (கையாள்), ஒரு சித்தாள் சேர்ந்து ஒரு நாளில் 100, 110 சதுரடி ஏற்றினால் நல்ல வேலை. சாரம் கட்டி, அவிழ்த்து, நகர்த்துவதிலேயே பாதி நாள் போய்விடும். மூன்று பேர் கூலியை அந்த 110-ஆல் வகுத்துப் பாருங்கள், மேஸ்திரி கைக்கு எவ்வளவு நிற்கும் என்று தெரியும். அதனால் விலையில் அடிக்காதீர்கள். விலையில் அடித்தால் அவர் வேகத்தில் எடுப்பார்.

கோடு விழுந்ததற்குக் காற்று காரணம் என்றாரே, அது உண்மை. ஆனால் காற்று ஆடி மாதம் அடிக்கும் என்பது இந்தச் சீமையில் தொட்டில் பிள்ளைக்குத் தெரியும். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை சுற்றுவதும் இதே மேல்காற்றில்தான். ஈரக் கலவையிலிருந்து சிமெண்டுக்குச் சேரவேண்டிய தண்ணீரைக் காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மேல் தோல் சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம், அப்போது வெடிக்கும். ஒன்று கேட்கிறேன்: மேற்குச் சுவரை எந்த நேரத்தில் பூசினார்கள்? மேற்குச் சுவரைக் காலையில் பூச வேண்டும், கிழக்குச் சுவரை மத்தியானத்துக்கு மேல். வெயில் எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கம் நிற்க வேண்டும். நான் பழகிய கொத்தனார் மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்குச் சாரத்தில் யாராவது ஏறினால் மட்டக்கட்டையைத் தூக்கி எறிவார். வேலைக்காக மட்டுமில்லை, வெயிலில் எங்கள் மண்டையும் காயும்.

இன்னொன்று. பூச்சு இறுகுவதற்குள் மேலே சிமெண்ட் பொடியைத் தூவித் தேய்த்தார்களா? சுவர் பளபளவென்று கறுப்பாகத் தெரிந்தால் தூவியிருக்கிறார்கள். கலவை இளகிப்போனால் ஈரத்தை இழுக்க அப்படிச் செய்வோம், நானும் செய்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தோல்தான் வலை வலையாக வெடிக்கும்.

டப்பாச் சத்தம் கேட்கிற இடம் இரண்டுமே கான்கிரீட். லிண்டல், தூண். பலகை பிரித்த கான்கிரீட் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும், கலவை ஒட்டாது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் அடித்துத்தான் பூச வேண்டும். செங்கலும் கான்கிரீட்டும் சேருகிற கோட்டில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு இஞ்ச் கோழிவலை வைத்து ஆணி அடிக்க வேண்டும். நாட்டுச் செங்கலை முந்தின நாள் சாயங்காலமே நனைக்க வேண்டும். இல்லையென்றால் கல் தாகத்துக்குக் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு சாக்கட்டி எடுத்துக்கொண்டு சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்து, சத்தம் மாறுகிற இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அப்புறம் ஒரு ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் பிழைத்தது. பொடி கொட்டிக்கொண்டு ஆணி உள்ளே இறங்கினால் அந்தப் பகுதி காரையை எடுத்துவிட வேண்டியதுதான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

15,000 பற்றி மேஸ்திரி வயிற்றில் அடிக்க மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்பது இஞ்ச் சுவரில் நூல் பிடிக்கிற பக்கம் நேராக வரும், கல்லின் ஏற்ற இறக்கமெல்லாம் மறுபக்கம் தெரியும். உங்கள் உள்பூச்சு அழகாக வந்தது என்கிறீர்களே, நூலை உள்பக்கம் பிடித்திருக்கிறார். கோணல் வெளியே வந்துவிட்டது. அவரே கட்டி, அவரே கோணலுக்குக் கூலி கேட்பது முறையில்லை.


பேட்டை பாய்
ஜூலை 23

எதுக்கு இவ்வளவு தலைவலி? ரெடிமிக்ஸ் பூச்சு மூடை வருகிறது, தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டியதுதான். கலவை அளவுச் சண்டையே கிடையாது.


கரண்டிக்காரன் அம்பை
ஜூலை 23

பாய், வரட்டும், நானும் பூசியிருக்கிறேன், நல்ல சரக்குதான். ஒன்றேகால் இஞ்ச் கோணலை அதை வைத்து நிரப்பினால் தங்கச்சி வீட்டை அடகு வைக்க வேண்டும். கொத்தாத கான்கிரீட்டில் அதுவும் ஒட்டாது.


திசையன்விளைத் தம்பி
ஜூலை 24

அக்கா, யாரும் தண்ணீரைக் கேட்கவில்லை, அதனால் நான் கேட்கிறேன். பூச்சுக்கு எந்தத் தண்ணீர்?

எங்கள் வீட்டுக்கு 2021-இல் பூசினோம். போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. சிமெண்டுக்கு என்ன நாக்கா இருக்கிறது என்று அப்பா சொன்னார். அடுத்த தை மாதம் சுவரின் அடியில் மூன்று அடி உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தால் போகும், பத்து நாளில் திரும்ப வரும். அப்புறம் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி வந்தது. கையால் தட்டினால் பொரிந்து கொட்டுகிறது. மூன்று அடிக்கு மொத்தக் காரையையும் எடுத்து, லாரித் தண்ணீர் வாங்கித் திரும்பப் பூசினோம். சிமெண்ட், மணல் என்று பார்த்துப் பார்த்துச் செலவழித்த எங்கள் அப்பா தண்ணீரில் கோட்டைவிட்டார். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.


முன்னீர்பள்ளத்துக்காரி
ஜூலை 26

எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் பிரச்சினை இல்லை தம்பி, எங்கள் கிணறு நல்ல தண்ணீர், அதைத்தான் குடிக்கிறோம்.

ஓவர்சியர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. சிமெண்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். கீழ் ரூமில் பூட்டி வைத்திருந்தேன், சாவி என்னிடம். 100 சதுரடிக்கு ஒன்றேகால் மூடை என்ற கணக்கை நானும் எங்கேயோ படித்து வைத்திருந்தேன். அன்றைக்கு எவ்வளவு பூசப்போகிறார்கள் என்று கேட்டு, அளந்து, காலையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து தூங்கிவிடுவேன். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற புத்தி. மணல் வெளியே குவிந்து கிடந்தது, அதற்குப் பூட்டு இல்லை.

மேஸ்திரியிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “சுவரு பள்ளமா இருந்துச்சு. ரெண்டு மூடை கூடக் கேட்டா நீங்க திருடுதான்னு நெனப்பிய. இருக்கிறத வச்சு இழுத்துட்டோம்” என்றார். என்ன சொல்ல! அவர் அப்படி நினைக்கும்படிதான் நான் நடந்திருக்கிறேன். ஆனால் கேட்டிருக்கலாமே என்ற கோபமும் போகவில்லை.

சாக்கட்டியோடு சாரத்தில் நானே ஏறினேன். தெற்குச் சுவரில் இரண்டே இடம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. கீறினால் வெள்ளைக் கோடுதான். மேற்குச் சுவரில் லிண்டலுக்குக் கீழே பரவாயில்லை. மேலே கைப்பிடிச்சுவர் வரைக்கும் ஒரே டப்பாச் சத்தம், ஆணி கால் இஞ்ச் இறங்குகிறது, ரவை மாதிரி கொட்டுகிறது. தூண் பக்கம் ஓர் ஓரத்தைக் கரண்டியால் நெம்பினதும் தட்டையாக ஒரு பாளம் கையோடு வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன், கான்கிரீட்டின் அச்சு அப்படியே வழுவழுவென்று இருந்தது, பலகையின் நரம்புக்கோடு வரைக்கும். ஒரு இடத்தில்கூடக் கொத்தவில்லை. பூசியது மத்தியானம் இரண்டு மணியிலிருந்து என்று சித்தாள் அக்கா சொன்னார்.

பேசி முடித்தது இது: மேற்கில் லிண்டலுக்கு மேலே ஏறத்தாழ 260 சதுரடியை அவர் செலவில் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசுவது, சாமான் என்னுடையது. 15,000 பேச்சு இல்லை. வடக்கு, கிழக்கில் எங்கெல்லாம் இரண்டு கோட்டு தேவைப்படுகிறதோ அங்கே மொத்தமாக 5,000 சேர்த்துத் தருகிறேன் என்று நானே சொன்னேன். அளவு இரண்டு பேரும் டேப் பிடித்துப் பார்த்தோம், 2,750-இல் நின்றோம். சிமெண்ட் ரூம் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.


பழைய ஓவர்சியர்
ஜூலை 26

நல்ல முடிவு. சாவியோடு ஓர் அளவுப் பெட்டியும் கொடுங்கள். பலகையில் உள்ளளவு 40-க்கு 35-க்கு 25 செ.மீ. வைத்து அடித்தால் 35 லிட்டர், சரியாக ஒரு மூடை. ஒரு மூடைக்கு அந்தப் பெட்டியில் ஐந்து மணல், தலை தட்டி. மண்வெட்டிக் கணக்கு காலையில் ஒரு மாதிரி, மூன்று மணிக்குக் கை ஓய்ந்தபின் ஒரு மாதிரி இருக்கும். கலவையில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கவிடாதீர்கள்.

72 ரூபாய்க்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றுக்கு ஐந்தில் சாமான் செலவு சதுரடிக்குப் பத்து ரூபாய்க்குள்தான் வரும். கூலி 38. வலை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 50. மீதி 22 அவருடைய பொறுப்புக்கு. உண்மையிலேயே கியூரிங் (பூச்சை நனைத்து வைப்பது) வரை நின்று பார்க்கிறவர் என்றால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன், 65-க்குப் பேசியிருக்கலாம்.


கரண்டிக்காரன் அம்பை
ஜூலை 27

கொத்தி எடுக்கும்போது ஓரத்தைச் சரிவாக விடாமல் நேர்வெட்டாக, சதுரமாக எடுக்கச் சொல்லுங்கள். சரிவில் புதுப் பூச்சு காகிதம் மாதிரி மெலிந்து நின்று பிறகு உரியும். செங்கல் இடுக்கில் இருக்கிற கலவையை அரை இஞ்ச் ஆழம் சுரண்ட வேண்டும், அதுதான் பல் மாதிரி பிடிக்கும். முதல் கோட்டைக் கரண்டியால் வீசி அடித்து, மட்டம் பார்த்து, கம்பியால் கீறிவிட்டு, இரண்டு மூன்று நாள் நனைத்து, அப்புறம் மேல்கோட்டு. வெளிச்சுவருக்கு மரக்கட்டைத் தேய்ப்பு போதும், இரும்புக் கரண்டிப் பளபளப்பு வேண்டாம்.

மேற்குக்குச் சாக்கு கட்டித் தொங்கவிட்டு நனையுங்கள். இந்தக் காற்றில் ஹோஸால் அடிக்கிற தண்ணீர் கால் மணி நேரம் நிற்காது.


முன்னீர்பள்ளத்துக்காரி
அக்டோபர் 29

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

கொத்தி எடுக்க இரண்டு நாள், பூச நாலு நாள். காலை ஏழு மணிக்கே மேற்கில் ஏறினார்கள், பதினொன்றரைக்கு இறங்கினார்கள். ரேஷன் கடைக்குப் பின்னால் சாக்கு விற்கிற பாட்டியிடம் 40 பழைய சாக்கு வாங்கி, தைத்துச் சேர்த்து, கைப்பிடிச்சுவரிலிருந்து தொங்கவிட்டோம். முதல் ராத்திரியே காற்று தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் போட்டது. மறுநாள் கீழே செங்கல் கட்டித் தொங்கவிட்டேன். காலை, மத்தியானம், சாயங்காலம் பத்து நாள் தண்ணீர். மத்தியானத் தண்ணீருக்கு என் மாமனார். ஆற்று மணல் பேச்சை விட்டுவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டார்.

புதிதாகப் பூசிய இடத்தில் கோடு இல்லை. தட்டினால் ‘டங்’. தெற்கில் இரண்டு தட்டு அளவு இடம் அப்படியே இருக்கிறது, அதைக் கையோடு எடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கு கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். கூலி 2,750 சதுரடிக்கு 1,04,500, இரண்டாம் கோட்டுக்கு 5,000. சிமெண்ட் மொத்தம் 45 மூடை, 16,650. மணல் மூன்றரை யூனிட், 21,700. வலை, ஆணி, சாக்கு, ஹோஸ், மோட்டார் கரண்ட் என்று 6,500. ஆக 1,54,350, சதுரடிக்கு 56 ரூபாய் சொச்சம். 72-க்குக் கொடுத்திருந்தால் 1,98,000 ஆகியிருக்கும். மிச்சம் 43,000 என்று வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். நான் தூங்காத தூக்கத்துக்குச் சதுரடிக்கு எவ்வளவு என்று கேட்டேன், பதில் இல்லை.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மழை என்றாலே எனக்கு ஒரு பயம். குடையோடு வீட்டைச் சுற்றி வந்தேன். மேற்கு, தெற்கு, வடக்கு மூன்றும் உள்ளே ஈரமில்லை. கிழக்கில் மட்டும் அடுப்படி ஜன்னலுக்கு மேலே உள்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு ஈரம். சன்ஷேடு இரண்டு அடி நீட்டி இருக்கிறது, சரிவும் இருக்கிறது. பிறகு எப்படி?


கரண்டிக்காரன் அம்பை
அக்டோபர் 29

மழை பெய்யும்போது சன்ஷேடுக்கு அடியில் பாருங்கள் தங்கச்சி. தண்ணீர் விளிம்பில் சொட்டுகிறதா, இல்லை அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு சுவரைப் பார்க்க ஓடிவருகிறதா?


முன்னீர்பள்ளத்துக்காரி
அக்டோபர் 30

நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பக்கமாக ஓடிவந்து ஜன்னல் தலையில் இறங்குகிறது. மற்ற ஐந்து சன்ஷேடிலும் அடியில் விளிம்புக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளக் கோடு இருக்கிறது, இதில் மட்டும் இல்லை.


கரண்டிக்காரன் அம்பை
அக்டோபர் 30

அந்தக் காடிதான் தண்ணீரை அறுத்துச் சொட்ட வைக்கும். பூசும்போதே கம்பி வைத்து இழுத்திருக்க வேண்டும், கடைசி நாள் அவசரத்தில் விட்டிருப்பார்கள். விளிம்பிலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே தள்ளி, கால் இஞ்ச் ஆழத்துக்குக் கட்டிங் மெஷினால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் சுவரைத் தொடாமல் ஒரு இஞ்ச் முன்னாலேயே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் அந்தக் காடி வழியாகவே சுவருக்குப் போகும். மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், ஈரத்தில் மெஷின் பிடிக்க வேண்டாம். அரை மணி நேர வேலை, காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.


முன்னீர்பள்ளத்துக்காரி
அக்டோபர் 30

கேட்கவில்லை அண்ணாச்சி. போன் பண்ணினதுமே, “அய்யோ, அது ஒண்ணு விட்டுப்போச்சா” என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஏணிக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.